எழுத வராத பிள்ளைகள்

கையெழுத்து நன்றாயிருப்பவனுக்குத் தலையெழுத்து நன்றாயிராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோணல்மாணலாக எழுதும் பேரனைச் சமாதானப்படுத்துவதற்கென்றே யாரோ ஒரு பாட்டி கண்டுபிடித்திருக்க வேண்டிய அந்த வாசகத்தில் இருக்கும் கருணை, நமது பாடசாலைகளில் மிக அபூர்வமாகவே காணப்படுவது. அங்கே கையெழுத்து என்பது குணத்தின் அடையாளம். எழுத்து நாலு கோடு நோட்டின் கோட்டை மீறினால் அலட்சியம், சொற்களுக்கு நடுவே இடம் விடாவிட்டால் அவசரம், பக்கம் நிரம்பாவிட்டால் சோம்பல் என்று தீர்ப்புக் கூறி, அதே வாக்கியத்தை நூறு தடவை எழுதிவரும்படி இம்போசிஷன் கொடுத்துவிட்டால் உபாத்தியாயரின் கடமை அத்தோடு தீர்ந்தது. எழுதுவதே சிரமமாயிருக்கும் பிள்ளைக்கு எழுதுவதையே தண்டனையாகக் கொடுப்பதில் உள்ள விபரீதம், கொடுக்கிறவருக்கும் தோன்றுவதில்லை. நோட்டில் கையொப்பமிட்டு அனுப்பும் தகப்பனாருக்கும் தோன்றுவதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை ஒன்றோ இரண்டோ இல்லாத வகுப்பு அநேகமாக இராது. ஊர்த் திருவிழாவை, யானை மிரண்டதிலிருந்து பலூன்காரன் கடையைப் போட்டுவிட்டு ஓடியதுவரை, கேட்பவர் சிரித்து ஓயாதபடி அது வாயால் வருணிக்கும், அதையே நோட்டில் எழுது என்றால், “நான் திருவிழாவுக்குப் போனேன். யானை வந்தது. நன்றாக இருந்தது” என்று மூன்று வரியோடு பென்சிலைக் கீழே வைத்துவிடும். அந்த மூன்று வரியிலும் ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும், ஒன்று தலைகீழாகவும், இன்னொன்று அழித்து அழித்துக் காகிதம் ஓட்டை விழுந்ததாகவும் இருக்கும். சொல்லும்போது இருந்த யானை, பலூன்காரன், சிரிப்பு எல்லாம் எங்கே போயின?

இந்தக் கேள்வியை, பிள்ளையின் மேல் பழி சுமத்தும் நோக்கமில்லாமல், பரிசோதனை முறையில் கேட்டு விடை தேடுவதையே தமது ஆயுட்கால வேலையாக வைத்துக்கொண்டவர்கள் சிலர் அமெரிக்க தேசத்தில் இருக்கிறார்கள். அங்கே 1963-ஆம் வருஷம் சிகாகோவில் பெற்றோர்கள் கூட்டிய ஒரு மகாநாட்டில், ஸாமுவேல் கிர்க் என்ற கல்வி நிபுணர், புத்திக் குறைவோ கண் காது முதலிய இந்திரியங்களில் ஊனமோ இல்லாதிருந்தும் வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் காரணம் விளங்காத சிரமத்துக்கு ஆளாகும் குழந்தைகளைக் குறிக்கக் ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயரைப் பிரயோகித்தார். 1975-இல் அத்தகைய குழந்தைகளுக்கும் இலவசமாகத் தக்க கல்வி அளிக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. பெயரும் சட்டமும் வந்த பிறகுங்கூட ஆராய்ச்சியாளரின் கவனமெல்லாம் வாசிப்பின் மேலேயே இருந்தது. எழுத்து, வாசிப்பு வந்துவிட்டால் தானாகவே வந்துவிடும் ஒன்றாகக் கருதப்பட்டு, வெகுகாலம் ஓரத்திலேயே நின்றது. அதை நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் மூவரைப் பிரதானமாகச் சொல்லலாம்: மேரிலாந்து சர்வகலாசாலையில் தங்கள் ஆராய்ச்சியைத் தொடங்கிய ஸ்டீவ் கிரஹாமும் காரென் ஹாரிஸும், ஸியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் பணியாற்றிய விர்ஜினியா பெர்னிங்கரும்.

கிரஹாமும் சார்லஸ் மெக்கார்தரும் 1987-இல் வெளியிட்ட ஒரு சிறிய பரிசோதனை, திருவிழாப் பிள்ளையின் ரகசியத்தைக் கிட்டத்தட்ட அப்படியே திறந்து காட்டுகிறது. கற்றல் குறைபாடுள்ள ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் படம் ஒன்றைக் கொடுத்து, ஒரு கதையைக் கையால் எழுதும்படியும், ஒரு கதையைக் கம்ப்யூட்டரில் தட்டெழுத்துச் செய்யும்படியும், ஒரு கதையை வாயால் சொல்லும்படியும் கேட்டார்கள். வாயால் சொன்ன கதைகள் மற்ற இரண்டையும்விட நீளமாயும், தரத்தில் உயர்ந்தவையாயும், பிழை குறைந்தவையாயும் இருந்தன. கையால் எழுதியவற்றுக்கும் தட்டெழுத்துச் செய்தவற்றுக்கும் நடுவே சொல்லத்தக்க பேதம் ஒன்றுமில்லை. தட்டெழுத்து வேகம் கையெழுத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே சரக்கு உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற வாசல்தான் குறுகல் என்பது ஒரு விடை. யந்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் வாசல் அகன்றுவிடாது என்பது, அதே பரிசோதனையில் அப்போது பலர் கவனியாமல் விட்ட இரண்டாவது விடை.

வாசல் ஏன் குறுகலாகிறது? ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்கும்வரை அதை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். சொல்லின் எழுத்துகள் எவை, அவற்றின் வடிவம் எப்படி, பென்சில் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பவற்றையும் அதே சமயத்தில் ஞாபகத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனிதனுடைய மனம் ஒரே கணத்தில் ஏந்தக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. சைக்கிள் விடப் பழகுகிறவனிடம் ஊர்ச் சமாசாரம் கேட்டால் பதில் வராது, பழகியவனோ கைப்பிடியை விட்டுவிட்டுக்கூடக் கதை பேசிக்கொண்டு போவான். எழுத்தின் வடிவம் தன்னை அறியாமல் கையிலிருந்து வருகிறவரைக்கும், பிள்ளையின் மனம் முழுவதும் ‘ஜே’ என்ற எழுத்து இடப்புறம் வளையுமா வலப்புறம் வளையுமா என்பதிலேயே செலவாகிப்போகிறது. யானைக்கும் பலூன்காரனுக்கும் மிச்சம் ஒன்றுமில்லை.

இது வெறும் அநுமானம் அல்ல என்பதற்கு 1997-இல் இரண்டு ஆதாரங்கள் வந்தன. முதலாவது, ஒன்றிலிருந்து ஆறு வரையுள்ள வகுப்புகளில் 600 குழந்தைகளைக் கிரஹாமும் பெர்னிங்கரும் சகாக்களோடு சேர்ந்து அளந்து பார்த்த ஆராய்ச்சி. குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குழந்தை எவ்வளவு எழுதுகிறது என்பதில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வித்தியாசத்தில், முதல் மூன்று வகுப்புகளில் 66 சதவிகிதமும், அடுத்த மூன்றில் 41 சதவிகிதமும், கையெழுத்து, எழுத்துக்கூட்டு ஆகிய இரண்டைக் கொண்டே விளங்கிவிடுகின்றன என்று கண்டார்கள். எழுதியதன் தரத்திலும் முறையே 25, 42 சதவிகிதம். இந்த இரண்டாவது ஜோடி விசேஷமானது. வயது ஏற ஏற அந்தப் பங்கு குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள், தரத்தின் விஷயத்தில் அது ஏறியிருக்கிறது.

ஆனால் இரண்டு சங்கதிகள் சேர்ந்தே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. நன்றாக எழுதும் பிள்ளை அதிகம் எழுதிப் பழகியதால் கையெழுத்தும் திருந்தியிருக்கலாம் அல்லவா? இந்த ஆட்சேபத்துக்கு விடை சொல்ல வேண்டுமானால், கையெழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, கற்றுக்கொடுக்காத ‘கதை எழுதும் திறமை’யும் கூடவே உயர்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. பெர்னிங்கர் அம்மையார் அதே வருஷம் வெளியிட்ட பரிசோதனை அதைத்தான் செய்தது.

கையெழுத்தில் பின்தங்கும் அபாயத்திலுள்ள 144 முதல் வகுப்புக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து, ஆறு பிரிவாகக் குலுக்கிப் போட்டார். ஒரு பிரிவு, உபாத்தியாயர் எழுத்தைப் போடும்போது அவர் கை போகும் போக்கைப் பார்த்து அதேபோலச் செய்தது. ஒன்று, எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பிறகு என்று இலக்கமிட்ட அம்புக்குறிகள் வரைந்த எழுத்தைப் பார்த்து எழுதியது. இன்னொன்று, அம்புக்குறி இல்லாத எழுத்தைப் பார்த்து, அதை மூடிவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதியது. மூடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவிலுள்ள இடைவெளி நாளடைவில் நீண்டுகொண்டே போயிற்று. நாலாவது பிரிவுக்கு அம்புக்குறியும் உண்டு, மூடி எழுதுவதும் உண்டு. ஐந்தாவது வெறுமனே பார்த்துப் பார்த்து எழுதியது. ஆறாவது பிரிவுக்குக் கையெழுத்துப் பாடமே கிடையாது. ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி கொடுத்தார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அன்போடு கவனித்ததாலேயே பிள்ளைகள் முன்னேறிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மும்மூன்று குழந்தைகளாக, வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிஷம், மொத்தம் 24 பாடங்கள்.

முதலிடம் பெற்றது நாலாவது பிரிவு. அம்புக்குறியைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து எழுதிய குழந்தைகளின் எழுத்து மட்டும் திருந்தவில்லை, அவர்கள் சொந்தமாக எழுதிய கதைகளும் நீண்டன. நாம் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்திருக்கும் காப்பி நோட்டு முறை, மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கீழே பத்து வரி நிரப்பும் அப்பியாசம், அந்த ஸ்தானத்துக்கு வரவில்லை. சற்று யோசித்தால் காரணமும் விளங்குகிறது. பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு எழுத்து எதிரிலேயே இருக்கிறது. அதை ஞாபகத்திலிருந்து மீட்டெடுக்கும் வேலையே இல்லை. ஆனால் கதை எழுதும்போது எதிரில் யார் எழுத்தை வைத்துக்கொண்டு நிற்கப்போகிறார்கள்? கையெழுத்தில் கைக்கு உள்ள பங்கைவிட, எழுத்தின் உருவத்தை மனக்கண்ணில் நிறுத்தி வேண்டும்போது விரைவாக எடுக்கும் ஆற்றலுக்கு உள்ள பங்கு நேரானது, பெரியது என்பது பெர்னிங்கரின் பல வருஷ ஆராய்ச்சிகளிலிருந்து தெரிகிற உண்மை.

கிரஹாமும் ஹாரிஸும் 2000-ஆம் வருஷத்தில் இதே வழியில் இன்னோர் அடி போனார்கள். எழுதுவதில் பின்தங்கிய முதல் வகுப்புக் குழந்தைகள் 38 பேர். அவர்களில் குறைபாடு உள்ளதென்று அடையாளம் காணப்பட்டவர்களும் உண்டு, அல்லாதவர்களும் உண்டு. ஒரு பாதிக்குத் தனித்தனியாகப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக 27 கையெழுத்துப் பாடங்கள், மறுபாதிக்கு அதே அளவு ஒலிப் பயிற்சி. அந்தப் பாடங்களின் அமைப்பை விவரமாகச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், குழந்தைகளின் சுபாவத்தை அறிந்த யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து யோசித்ததுபோல அவை இருக்கின்றன. அகராதி வரிசையில் போகாமல், எளிதும் அடிக்கடி வருவதுமான ‘எல், ஐ, டி’ என்ற மூன்றில் தொடங்கி, வடிவத்தில் குழப்பம் தருகிற எழுத்துகளை ஒன்றாகச் சேர்க்காமல் பிரித்து வைத்து, ‘ஜே, க்யூ’ என்ற இரண்டில் முடியும் ஒன்பது தொகுதிகள். ஒவ்வொரு பாடத்திலும் முதலில் எழுத்துகளின் பெயரும் வரிசையும் சரிபார்க்கும் ஒரு சிறு விளையாட்டு. பிறகு அம்புக்குறி எழுத்தைத் தடவி, பார்த்து எழுதி, தான் எழுதியவற்றுள் மிக நன்றாக அமைந்தது எது என்று குழந்தை தானே தேர்ந்து வட்டமிடுதல். சிவப்பு மசியால் தப்பைச் சுழிக்கும் உத்தியோகத்தை எடுத்துவிட்டு, சரியானதைச் சுழிக்கும் உத்தியோகத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டார்கள்!

அடுத்தது ராக்கெட். ஒரு வாக்கியத்தை மூன்று நிமிஷம் எழுத வேண்டும். எத்தனை எழுத்து எழுதினோம் என்று எண்ணி, அதைக் காகிதத்தில் வரைந்த ராக்கெட்டில் அந்த உயரம்வரை வர்ணம் தீட்ட வேண்டும். அடுத்த தடவை தப்பு அதிகமாகாமல் மூன்றே மூன்று எழுத்துக் கூடுதலாக எழுதினால் போதும். முப்பது அல்ல, மூன்று. கடைசியில், கற்ற எழுத்தை ஒட்டகம்போல நீட்டியோ குண்டாகக் குறுக்கியோ, அதிலிருந்து ஒரு சித்திரம் உண்டாக்கியோ விளையாடலாம். இவ்வளவுக்கும் பதினைந்து நிமிஷம். முடிவில் இந்தக் குழந்தைகளின் கையெழுத்தும், கதை எழுதும் வேகமும் மறுபாதிக் குழந்தைகளைவிட உயர்ந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த உயர்வு நிலைத்திருந்தது. நம்மூரில் ஒரு கலியாண ஊர்வலம் தெருவைக் கடக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் பாடம் அது.

மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் தம் கையெழுத்தின் மோசத்தைக் குறித்து வெட்கப்பட்டு எழுதியிருப்பதும், தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களும் இளைஞர்களும் எழுதிய அழகான எழுத்தைக் கண்டபோது தாம் சிறுவயதில் அலட்சியமாக இருந்ததற்காக வருந்தியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். எழுத்து கற்பிக்கும் முன் குழந்தைகளுக்குச் சித்திரம் வரையக் கற்பிக்க வேண்டும் என்று அவர் அங்கே ஒரு யோசனை சொல்கிறார். கை பழகினால் எழுத்தும் பழகும் என்ற இந்த நம்பிக்கை இன்றைக்கும் பலமாக இருக்கிறது. மாவு பிசைவது, மணி கோப்பது, விரல்களுக்குத் தேகாப்பியாசம் என்று இதற்காகவே பல சிகிச்சைகள் நடக்கின்றன. அவற்றால் வேறு நன்மைகள் இருக்கலாம். ஆனால் டான்யா ஸாந்தாஞ்ஜெலோவும் கிரஹாமும் 2016-இல் எண்பது பரிசோதனைகளைத் திரட்டிச் சீர்தூக்கியபோது, எழுத்தையே நேராகக் கற்பித்தால் எழுத்தின் தெளிவும் வேகமும் உயர்வதோடு, எழுதும் விஷயத்தின் நீளமும் தரமும்கூட உயர்கின்றன என்றும், விரல், கை ஆகியவற்றின் அசைவுக்குத் தனியே கொடுக்கும் பயிற்சியால் கையெழுத்தில் பயன் தெரியவில்லை என்றும்தான் கண்டார்கள். மகாத்மாவின் யோசனையோடு இந்த விஷயத்தில் மாத்திரம் பணிவோடு மாறுபட வேண்டியிருக்கிறது. எழுத்தைக் கற்பதற்கு எழுத்தையே கற்பிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, கையைச் சரிப்படுத்திவிட்டால் கட்டுரை தானாக வந்துவிடும் என்று யாரும் முடிவுகட்டிவிடலாகாது. டொராண்டோவைச் சேர்ந்த கார்ல் பெரைட்டர், மார்லீன் ஸ்கார்டமாலியா என்ற இரு அறிஞர்கள், எழுதப் பழகும் பிள்ளைகள் பெரும்பாலும் தலைப்பைக் கண்டவுடன் ஞாபகத்துக்கு வந்ததை வந்த வரிசையிலேயே கொட்டிவிட்டு, வந்தது தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்பதை நெடுநாளைக்கு முன்பே எடுத்துக் காட்டினார்கள். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. கிரஹாம் 1990-இல் செய்த ஒரு பரிசோதனையில், எழுதி முடித்துவிட்டேன் என்று பிள்ளை நிமிர்ந்தபோது, “இன்னும் கொஞ்சம் சொல்லேன்” என்று மாத்திரம் தூண்டினார்கள். நின்றுபோனதாகத் தோன்றிய ஊற்றிலிருந்து, முன்பு வந்ததைப்போல இரண்டிலிருந்து நாலு மடங்குவரை விஷயம் வந்தது. அதில் எல்லாமே பிரயோஜனமானது என்று சொல்ல முடியாது; பாதியளவாவது பிரயோஜனமானது. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு விஷயம் இல்லாமலில்லை. உள்ளேயிருப்பதைத் துழாவி எடுக்கவும், எடுத்ததில் வேண்டியதை வைத்து வேண்டாததைத் தள்ளவும், வரிசைப்படுத்தவும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தந்ததில்லை.

சொல்லித்தருவதற்கென்று காரென் ஹாரிஸ் 1980-களில் தொடங்கி வகுத்த முறை, தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் உபாயப் பயிற்சி. குழந்தை தனக்குத் தானே பேசிக்கொள்ளும் பேச்சே பிறகு உள்ளே அடங்கிச் சிந்தனையாகிறது என்ற ருஷ்ய மனோதத்துவ அறிஞர் வைகோட்ஸ்கியின் சித்தாந்தம் இதன் வேர்களில் ஒன்று. இந்த முறையில் உபாத்தியாயர் முதலில் கரும்பலகைக்கு முன்னே நின்று, தாம் எழுதுவதைப் பிள்ளைகள் பார்க்க, மனத்தில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். “இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? என் அபிப்பிராயம் என்ன? முதல் காரணம் வந்துவிட்டது, இரண்டாவது தோன்றவில்லையே, பரவாயில்லை, நிதானமாக யோசித்தால் வரும்” என்று தடுமாறியும் தேற்றிக்கொண்டும் அவர் எழுதுவதைப் பார்க்கும் பிள்ளை, எழுத்தில் வல்லவருக்கும் தடை வரும், தடை வந்தால் இப்படித் தாண்டலாம் என்பதைத் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் காண்கிறது. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தான் திகைக்கும்போது தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய வாசகத்தைத் தன் சொந்தச் சொல்லில் எழுதி வைத்துக்கொள்கிறது.

அபிப்பிராயக் கட்டுரை எழுதுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஞாபகச் சொல், மரத்தைக் குறிக்கும் ‘ட்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லேதான். கருத்தைச் சொல்லும் முதல் வாக்கியம் அடிமரம், அதைத் தாங்கும் காரணங்கள் வேர்கள், முடிவு வேரை மூடிய மண். பிள்ளை அதை மனப்பாடம் செய்து, குறிப்பெடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டு, கட்டுரை முடிந்ததும் எத்தனை உறுப்பு வந்திருக்கிறதென்று தானே எண்ணி வரைபடத்தில் குறித்துக்கொள்ளும். உபாத்தியாயரின் கைத்தாங்கல் சிறிது சிறிதாக விலகும். இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்ற கெடு இல்லை. பிள்ளைக்கு வரும்வரை அந்தக் கட்டத்தைவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. பாடத்திட்டத்தை மார்ச் மாதத்துக்குள் ‘முடித்தாக’ வேண்டிய நமது உபாத்தியாயர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சு நியாயமானதே.

பலன் எப்படி? கார்னிகி நிறுவனத்துக்காகக் கிரஹாமும் டோலொரஸ் பெரினும் 2007-இல் தயாரித்த அறிக்கை, நாலாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் பல முறைகளைப் பரிசோதனை முடிவுகளைக்கொண்டு நிறுத்துப் பார்த்தது. உபாயங்களை வெளிப்படையாகக் கற்பிக்கும் முறையின் பலன் 0.82 என்று தராசின் மேல்தட்டில் நின்றது. பழைய பாணியில் இலக்கணத்தைத் தனியே எடுத்துப் பாடம் நடத்துவதன் பலன் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. இலக்கண வித்துவான்கள் இதைக் கேட்டுக் கோபிக்கக் கூடாது; இலக்கணம் பயனற்றது என்று அறிக்கை சொல்லவில்லை, எழுதத் தெரியாத பிள்ளையை இலக்கணத்தால் எழுத வைக்க முடியாது என்றுதான் சொல்கிறது. கற்றல் குறைபாடுள்ள மாணவர்களை மாத்திரம் தனியே எடுத்துப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியிலும் உபாயப் பயிற்சிக்கே முதல் ஸ்தானம் கிடைத்தது.

1997-ஆம் வருஷத்து இன்னொரு பரிசோதனையை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். ஸூஸன் டி லா பாஸும் கிரஹாமும் ஐந்திலிருந்து ஏழு வரையுள்ள வகுப்புகளில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள் சிலருக்கு முன்கூட்டித் திட்டமிடும் உபாயத்தைக் கற்பித்தார்கள், சிலருக்கு அதைக் கற்பிக்கவில்லை. இரு சாராரிலும் சிலர் கட்டுரையை வாயால் சொன்னார்கள், சிலர் கையால் எழுதினார்கள். திட்டமிடவும் கற்று, வாயாலும் சொன்ன பிள்ளைகளின் கட்டுரைகளே நிறைவாகவும் கோவையாகவும் தரமாகவும் அமைந்தன. சொல்வதை எழுத ஓர் ஆள் இருப்பது பெரிய உபகாரந்தான். ஆனால் எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று கற்றுக்கொடுத்திருந்தால்தான் அந்த உபகாரம் பூர்ணமாகிறது.

இங்கேதான் நமது தேசத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எழுத்தில் உண்டாகும் டிஸ்கிராஃபியா அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் உபாதையுள்ள ஒருவர், மத்திய அரசின் சிவில் சர்வீஸ் தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தொடுத்த வழக்கில், 40 சதவிகிதக் குறைபாடு என்ற வரம்புக்கு உட்படாதவருக்கும் அந்த உரிமை உண்டென்று 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே வருஷம் நவம்பரில், டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதலாகத் தர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தராதது தவறு என்றும் கூறியது. மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை, தக்க பரிகாரத்தை யோசிக்கும்படி தேர்வு நடத்தியவர்களுக்குச் சொல்லியது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு என்ற சலுகைகள் உண்டு. சென்னையில் 1990-களின் ஆரம்பத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இப்பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய உபாத்தியாயர்களுக்காகவும் பாடுபட்டு வருகிறது.

சலுகை வேண்டாம் என்று சொல்லும் கல்மனம் எனக்கு இல்லை; அது நியாயம், வழக்காடிப் பெற்ற நியாயம். ஆனால் சலுகை என்பது பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரத்துக்கு வந்து போகும் ஓர் ஏற்பாடு. அது கிடைக்கும் வயது பதினைந்து. ஆறு வயதில் பதினைந்து பதினைந்து நிமிஷமாக 27 பாடங்கள் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளையின் நிலை என்னவாயிருக்கும் என்ற கேள்வியை எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. சான்றிதழுக்கு அலைந்த பெற்றோர்கள், அது கையில் வந்ததும், குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பு எல்லோருக்கும் தீர்ந்துவிட்டதாக எண்ணும்படியான ஒரு சூழ்நிலையை நாமே உண்டாக்கியிருக்கிறோம். போதனைக்குப் பதிலாகச் சலுகை என்பது பேரம். போதனையோடு சலுகை என்பதே உதவி. அமெரிக்காவிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று நினைத்துவிட வேண்டாம். 2008-இல் வெளியான ஒரு விசாரணையில், ஆரம்ப வகுப்பு உபாத்தியாயர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கையெழுத்துக் கற்பிப்பதாகச் சொன்னார்கள். அதற்கு வேண்டிய பயிற்சி தங்கள் கல்லூரியில் போதிய அளவு கிடைத்ததென்று சொன்னவர்கள் 12 சதவிகிதம்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. மேலே சொன்ன பரிசோதனைகள் யாவும் ஆங்கில எழுத்தைப் பற்றியவை. அவற்றின் அம்புக்குறிகளை அப்படியே கொண்டுவந்து தமிழ் நோட்டில் ஒட்டிவிட முடியாது. ‘கொ’ என்று எழுதும் குழந்தை, வாயால் முதலில் சொல்லும் ககரத்துக்கு முன்னே ஒற்றைக் கொம்பைப் போட்டு, பிறகு ககரத்தைப் போட்டு, பிறகு காலைப் போட வேண்டும். காது கேட்கும் வரிசை ஒன்று, கை போகும் வரிசை வேறு. எழுத்தின் வரிசையை மனத்தில் பிடித்து வைப்பதிலேயே தடுமாறும் பிள்ளைக்கு இது எத்தனை பாரம் என்பதை அளந்து பார்க்க வேண்டியவர்கள் நம்மவர்களே. பெரியார் தம் பத்திரிகைகளில் 1930-களிலேயே கையாண்ட சீர்திருத்தத்தை அரசு 1978-இல் ஏற்று, துதிக்கை நீட்டிக்கொண்டிருந்த ணை, லை முதலிய எழுத்துகளை மற்றவற்றோடு ஒரே சீராக்கியபோது, அச்சுக்கோப்பவருக்குக் கிடைத்த சௌகரியத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதே சௌகரியம் ஸ்லேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்த, எழுத்து வராத எத்தனையோ பிள்ளைகளுக்கும் கிடைத்திருக்கும்.

கம்ப்யூட்டரும், பேசினால் எழுதிக்கொள்ளும் செல்போனும் வந்துவிட்ட காலத்தில் இதற்கெல்லாம் அவசியம் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். தட்டெழுத்தும் கற்றுக்கொடுத்தால்தான் வரும் என்பதை 1987-ஆம் வருஷத்துப் பிள்ளைகளே காட்டிவிட்டார்கள். மேலும், இண்டியானா சர்வகலாசாலையில் காரின் ஜேம்ஸ் என்ற அம்மையார், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சிலருக்கு எழுத்துகளைக் கையால் எழுதியும், கோட்டின் மேல் தடவியும், தட்டெழுத்துச் செய்தும் பழக்கிவிட்டு, பிறகு அவர்களுடைய மூளையைப் படமெடுத்து 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுயமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போதுதான் பிற்காலத்தில் வாசிப்புக்கு உதவும் பகுதிகள் விழிப்படைந்தன. யந்திரம் வேண்டாம் என்பதற்கு இது சாட்சியாகாது. ஆறு வயதில் யந்திரத்தை மாத்திரம் நம்பலாகாது என்பதற்குச் சாட்சியாகும்.

பெற்றோர்கள் கவலையோடு கேட்கும் கேள்வி வேறு: என் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டானே, இனிமேல் முடியுமா? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த காரல் கிறிஸ்டென்ஸன் 2005-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கென்றே நடத்தப்பட்டதுபோல இருக்கிறது. எழுத்து இன்னும் கைக்கு வராமல் திணறிக்கொண்டிருந்த எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை எட்டு வாரம், நாள்தோறும் இருபது நிமிஷம், கையெழுத்துப் பயிற்சியிலும், மறு பிரிவை அதே நேரம் நாட்குறிப்பு எழுதுவதிலும் ஈடுபடுத்தினார். தொடக்கத்தில் இரு பிரிவும் ஒரே நிலையில் இருந்தன. எட்டு வாரம் கழித்து, அன்றாடம் நாட்குறிப்பு எழுதிக் குவித்தவர்களைவிட, கையெழுத்தைத் திருத்திக்கொண்டவர்களே சொந்தமாக எழுதும் கட்டுரைகளை நீளமாகவும் தரமாகவும் எழுதினார்கள்.